வீட்டிலேயே செய்த கார்: பரிசோதனைக்கு ஓட்டிப் போகலாமா, ஏற்றிப் போகணுமா?

எஞ்சின் ஓடுகிறது. விளக்குகள் எரிகின்றன. சாயமும் காய்ந்துவிட்டது. ஆனாலும் கார் கொட்டகையை விட்டு வெளியே வரமுடியாது. ஏன்? அதற்குப் பதிவெண் இல்லை.

பதிவெண் வேண்டுமானால் பரிசோதனையில் தேறவேண்டும். பரிசோதனை நிலையமோ பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவில் இருப்பது பொதுச் சாலை. பதிவெண் இல்லாத காரை அந்தச் சாலையில் எப்படிக் கொண்டுபோவது?

பிரிட்டனில் சொந்தமாகக் கார் செய்யும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கேள்வி வரும். பல மாத உழைப்பும் சேமிப்பும் அந்த ஒரு பயணத்தை நம்பி இருக்கும். சரியாகச் செய்தால் ஒரு நாள் வேலை. தவறாகச் செய்தால் காருக்கு மட்டுமல்ல, சாலையில் போகிற மற்றவர்களுக்கும் ஆபத்து.

வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கிட் கார்னா என்ன?

ஒரு நிறுவனம் காரின் பாகங்களைத் தொகுப்பாக விற்கும். சட்டகம், உடற்பகுதி, சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு எல்லாம் தனித்தனியாக வரும். வாங்கியவர் வீட்டிலேயே அவற்றை இணைத்துக் காராக்குவார். எஞ்சின், கியர்பெட்டி போன்றவற்றைச் சிலர் புதிதாக வாங்குவார்கள். சிலர் பழைய கார் ஒன்றிலிருந்து எடுத்துப் பொருத்துவார்கள்.

இந்த வகையில் ஆகப் பிரபலமானது லோட்டஸ் செவன். காலின் சாப்மன் 1957இல் அறிமுகப்படுத்திய சின்ன, எடை குறைந்த கார். அந்தக் காலத்தில் பிரிட்டனில் முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. கார் செய்யும் ஆசையோடு காசு மிச்சம் பிடிக்கும் எண்ணமும் சேர்ந்துகொண்டது! 1973இல் அந்த வரி போய், மதிப்புக் கூட்டு வரி வந்தது. அதே ஆண்டில் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டராம் நிறுவனத்தின் கைக்குப் போனது. கேட்டராம் செவனை இன்றும் பாகங்களாக வாங்கலாம்.

நம் வட்டாரத்துக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. ஏர் ஏஷியாவின் டோனி ஃபெர்னாண்டஸ் தரப்பு 2011இல் கேட்டராமை வாங்கியது. 10 ஆண்டுகள் மலேசியர்கள் கையில் இருந்த அந்த நிறுவனம், 2021இல் ஜப்பானின் வி.டி. ஹோல்டிங்ஸுக்குக் கைமாறியது.

என்ன பரிசோதனை அது?

சிங்கப்பூரில் 3 வயதைத் தாண்டிய காரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், 10 வயதைத் தாண்டியதை ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறோம் அல்லவா? அது ஏற்கெனவே பதிவான கார்களுக்கு.

பிரிட்டனில் வீட்டில் செய்த காருக்கு வேறு பரிசோதனை. ஐ.வி.ஏ. என்பார்கள். தனிப்பட்ட ஒரு வாகனத்துக்குத் தரும் ஒப்புதல் என்று பொருள். கார்களுக்கு 2009இல் நடப்புக்கு வந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லந்து, வேல்ஸ் பகுதிகளில் டி.வி.எஸ்.ஏ. என்ற அரசு அமைப்பு அதை நடத்துகிறது.

தொழிற்சாலையில் ஒரே மாதிரியாக ஆயிரக்கணக்கில் தயாராகும் கார்களுக்கு அந்த மாதிரி முழுவதற்கும் சேர்த்து ஒப்புதல் வாங்கிவிடுவார்கள். உங்கள் கொட்டகையில் உருவானது ஒன்றே ஒன்று. அதனால் அந்த ஒன்றைத்தான் அக்குவேறு ஆணிவேறாகப் பார்ப்பார்கள்.

பிரேக், ஸ்டியரிங், விளக்குகள், கண்ணாடிகள், இருக்கைவார் பொருத்திய இடங்கள், வேகமானி, புகை, சத்தம் எல்லாம் பட்டியலில் உண்டு. கூர்மையான விளிம்புகளையும் விடமாட்டார்கள். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை ஒன்றை வெளிப்புறத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அது தொடுகிற விளிம்பு பொதுவாகக் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைந்திருக்க வேண்டும். கார் யார்மீதாவது மோதினால் அந்த விளிம்பு வெட்டிவிடக்கூடாது, அதுதான் காரணம். ஒரு போல்ட் முனை துருத்திக்கொண்டிருந்தாலும் தோல்விதான்.

ஓட்டிட்டே போகலாமா?

போகலாம். இது பலருக்குத் தெரியாத விஷயம். முன்கூட்டியே பதிவுசெய்த ஐ.வி.ஏ. பரிசோதனைக்குப் போவதற்கும் அங்கிருந்து திரும்புவதற்கும், பதிவு செய்யாத காரைச் சாலைவரி இல்லாமல் ஓட்டச் சட்டம் இடம்கொடுக்கிறது.

ஆனால் அந்தச் சலுகை ரொம்பக் குறுகியது. 'அப்படியே நண்பன் வீட்டுக்கும் ஒரு எட்டு போயிட்டு வரேன்' என்பது அதில் சேராது. காப்புறுதி கட்டாயம். பதிவெண் இல்லாததால், காரின் சட்டக எண்ணை வைத்துக் காப்புறுதி எடுக்கவேண்டும். எல்லா நிறுவனங்களும் தரமாட்டா. பாதுகாப்பாக ஓடும் நிலையில் கார் இருக்கவேண்டும் என்ற விதிக்கும் விலக்கு கிடையாது.

அங்கேதான் யோசிக்கவேண்டும். அந்த பிரேக்கை இதுவரை யார் சோதித்தார்கள்? நீங்கள் மட்டும்தான். அந்த ஸ்டியரிங்கின் திருகுகளை இறுக்கியது யார்? அதுவும் நீங்கள்தான். சோதிக்கப்படாத காரின் முதல் நீண்ட ஓட்டத்தை லாரிகளுக்கு நடுவே நடத்தவேண்டுமா? பிரேக் சரியில்லை என்று அங்கே சொல்லிவிட்டால், அதே காரில் எப்படித் திரும்புவீர்கள்?

அதனால்தான் சட்டம் அனுமதித்தாலும் பலர் காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

அப்போ கயிறு கட்டி இழுத்துட்டுப் போனா?

வேண்டாம். முக்கியமான வித்தியாசம் ஒன்று இங்கே இருக்கிறது.

டிரெய்லர்மேல் ஏற்றிய கார் வெறும் சுமை. மரப்பலகையோ சோபாவோ ஏற்றினால் எப்படியோ, அப்படி. அதன் சக்கரம் சாலையைத் தொடுவதில்லை. சாலை விதிகள் டிரெய்லருக்கும் அதை இழுக்கும் காருக்கும்தான்.

கயிற்றில் இழுபடும் காரின் சக்கரங்கள் சாலையில் உருள்கின்றன. உள்ளே ஒருவர் உட்கார்ந்து திருப்பவேண்டும், பிரேக் போடவேண்டும். அது சுமையல்ல, சாலையில் இருக்கும் வாகனம். இரண்டு வாகனங்களுக்கும் இடையே 4.5 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது என்பது விதி. முன்னால் போகிறவர் சட்டென்று நின்றால், அந்த 4.5 மீட்டருக்குள் உங்கள் பிரேக் பிடிக்கவேண்டும். எந்த பிரேக்? இன்னும் சோதிக்காத அதே பிரேக்.

முக்கோணச் சட்டம் மாட்டி இழுப்பதும் உண்டு. அப்படிச் செய்தால் இழுபடும் காரே டிரெய்லராகக் கருதப்படும். அதன் அதிகபட்ச எடை 750 கிலோகிராமைத் தாண்டினால், பிரேக் அமைப்பு வேலை செய்தாகவேண்டும்.

எந்த டிரெய்லர் சரி?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரேக் இல்லாத டிரெய்லரின் மொத்த எடை 750 கிலோகிராமுக்கு மேல் போகக்கூடாது. இழுக்கும் காரின் வெற்று எடையில் பாதியையும் அது தாண்டக்கூடாது.

உங்கள் கார் 550 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லர் 350. மொத்தம் 900. 'சின்னக் கார்தானே' என்று நினைத்தாலும், பிரேக் உள்ள டிரெய்லர்தான் வேண்டும்.

அடுத்து, இழுக்கும் காரின் திறன். எவ்வளவு எடையை இழுக்கலாம் என்பது அதன் கையேட்டில் இருக்கும். காரும் டிரெய்லரும் சேர்ந்து எவ்வளவு வரலாம் என்பதை அடையாளத் தகட்டில் பார்க்கலாம். அதைத் தாண்டாதீர்கள்.

உரிமம்? 1997 தொடக்கத்திலிருந்து கார் உரிமம் பெற்றவர்கள் பெரிய டிரெய்லரை இழுக்கத் தனித் தேர்வு எழுதவேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அது தேவையில்லை. பிரிட்டிஷ் கார் உரிமம் இருந்தால் 3,500 கிலோகிராம் வரையிலான டிரெய்லரை இழுக்கலாம். அங்கே படிக்கப் போயிருக்கும் நீங்கள் நம் ஊர் உரிமத்தோடு ஓட்டுகிறீர்களா? அது டிரெய்லருக்கும் செல்லுமா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் கேளுங்கள்.

ஏற்றும்போது எதைக் கவனிக்கணும்?

எடை எங்கே உட்காருகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். பின்பக்கம் கனமாக இருந்தால் டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கும். இணைப்புக் கொக்கியின்மேல் ஓரளவு எடை அழுந்தவேண்டும். எவ்வளவு என்பது இழுக்கும் காரின் கையேட்டில் உண்டு. கிட் காரின் எஞ்சின் முன்னால் இருந்தால், காரைச் சற்றே முன்னும் பின்னும் நகர்த்திச் சரியான இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

இந்த வகைக் கார்கள் தரையோடு தரையாக இருக்கும். ஏற்றுப்பலகை செங்குத்தாக இருந்தால் அடிப்பகுதி உரசும். நீளமான பலகை பயன்படுத்துங்கள். ஏறியதும் கியரில் போட்டு, கைபிரேக்கை இழுத்து, ஒவ்வொரு சக்கரத்தையும் பட்டையால் கட்டுங்கள். மெல்லிய குழாய்கள்மீதோ உடற்பகுதிமீதோ பட்டையைப் போட்டு இறுக்கினால், பரிசோதனைக்கு முன்பே கார் சேதமாகிவிடும்.

கிளம்புமுன் இவற்றைப் பாருங்கள்:

- டிரெய்லரின் விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா?
- இழுக்கும் காரின் பதிவெண் டிரெய்லரின் பின்னாலும் இருக்கிறதா?
- டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானாக இழுக்கும் பாதுகாப்புக் கம்பியை மாட்டினீர்களா?
- டிரெய்லரின் சக்கரங்களில் காற்று சரியா?
- கழன்று பறக்கக்கூடிய பொருள் காரில் ஏதும் இருக்கிறதா?

புறப்பட்டுச் சில கிலோமீட்டர் போனதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பட்டைகளை மறுபடி பாருங்கள். அவை தளர்ந்திருக்கும் வாய்ப்பு அதிகம்.

டிரெய்லரோடு போகும்போது விரைவுச்சாலையில் மணிக்கு 60 மைல்தான், அதாவது சுமார் 96 கிலோமீட்டர். 3 தடங்களோ அதற்கு மேலோ இருக்கும் விரைவுச்சாலையில் வலது ஓரத் தடத்துக்குப் போகக்கூடாது. டிரெய்லர் நெளியத் தொடங்கினால் பதறாதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுங்கள். பிரேக்கை ஓங்கி மிதித்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

அங்கே போனதும்?

காரை இறக்கி ஓட்டிக் காட்டவேண்டும். பிரேக்கும் வேகமானியும் கார் இயங்கும்போதுதான் சோதிக்கப்படும். எரிபொருள் போதுமா என்று பாருங்கள். ஸ்பானர், திருப்புளி, உபரித் திருகுகள், விளிம்புகளை மூடும் ரப்பர் எல்லாம் கையோடு இருக்கட்டும். சிறு குறையை அங்கேயே சரிசெய்ய வாய்ப்புக் கிடைப்பதுண்டு.

தேறாவிட்டால் எங்கே குறை என்று எழுதித் தருவார்கள். திருத்திவிட்டு மறுபரிசோதனைக்குப் போகலாம். நிறையப் பேர் முதல்முறை தேறுவதில்லை. அதற்காக மனம் உடைந்துபோகத் தேவையில்லை. நீங்கள் கவனிக்காத ஒன்றை இன்னொருவர் சாலைக்கு வருமுன் கண்டுபிடித்திருக்கிறார், அவ்வளவுதான்.

தேறியாச்சு. இனி ஓட்டலாமா?

இன்னும் இல்லை! தேறியவுடன் கிடைப்பது ஒப்புதல் சான்றிதழ். அதோடு வி627/1 என்ற படிவம், பாகங்கள் வாங்கிய ரசீதுகள், கார் உருவானதைக் காட்டும் படங்கள் ஆகியவற்றைப் பதிவு அமைப்பான டி.வி.எல்.ஏ.க்கு அனுப்பவேண்டும். முதல் நாளிலிருந்தே ரசீதுகளைப் பத்திரப்படுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

எல்லாப் பாகங்களும் புதியவை என்று நிரூபித்தால் அந்த ஆண்டின் பதிவெண் கிடைக்கலாம். மற்றவை எல்லாம் புதியவையாக இருந்தால், புதுப்பித்த பாகம் ஒன்றுக்கும் இடமுண்டு. காரின் வயதோ அடையாளமோ தெளிவாக இல்லாவிட்டால் 'கியூ' என்று தொடங்கும் எண் தருவார்கள். அந்த வழக்கம் 1983இல் தொடங்கியது.

பதிவெண் தகடு, சாலைவரி, காப்புறுதி மூன்றும் கைக்கு வரும்வரை கார் கொட்டகையில்தான் இருக்கவேண்டும். பரிசோதனையில் தேறிய அன்றும் கார் டிரெய்லரில் ஏறி வீடு திரும்புவதே நல்லது. இத்தனை மாதம் பொறுத்தவர்களுக்கு இன்னும் சில வாரம் பெரிதில்லை.