துணைநிரல் அழைப்புத் தடமறிதல்

துணைநிரல் அழைப்புத் தடமறிதல் என்பது, இயங்கும் நிரல் எந்தத் துணைநிரலை எங்கிருந்து அழைக்கிறது என்பதைப் பின்தொடர்ந்து வழுவைக் கண்டறியும் முறையாகும். இதன் தொடக்கக் கால வரலாறு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான எட்சாக் கணினியுடன் தொடர்புடையது.

பின்னணி

எட்சாக் 1949 மே 6 அன்று தன் முதல் நிரலை இயக்கியது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் மாரிஸ் வில்க்ஸ். ஏரி வகைக்கெழுச் சமன்பாட்டிற்காக அவர் எழுதிய 126 ஆணைகள் கொண்ட நிரலில் ஏறத்தாழ 20 பிழைகள் இருந்தன. தம் எஞ்சிய வாழ்நாளில் கணிசமான பகுதி சொந்த நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியும் என்று அக்காலத்தில் உணர்ந்ததாக அவர் பின்னர் நினைவுகூர்ந்தார்.

வீலர் தாவல்

துணைநிரல் முடிந்ததும் எங்கே திரும்புவது என்பதைத் தானாகக் குறித்துவைக்கும் வசதி எட்சாக்கில் இல்லை. டேவிட் வீலர் இதற்கு ஒரு வழி கண்டார். அழைக்கும் நிரல், தன் இருப்பிடத்தைக் காட்டும் ஆணையைத் திரட்டியில் ஏற்றிவிட்டுத் துணைநிரலுக்குத் தாவும். துணைநிரல் அதைக் கொண்டு திரும்பும் ஆணையைக் கணக்கிட்டுத் தன் இறுதியில் எழுதிக்கொள்ளும். அடுத்த அழைப்பு வந்தால் பழைய குறிப்பு அழிந்துவிடும். எனவே கடைசியாக அழைத்த இடம் மட்டுமே எஞ்சும். நிரல் கடந்து வந்த வழி தெரியாது.

கில்லின் முறைகள்

தொடக்கத்தில் நிரலர்கள் கணினி முன் நின்று, பொத்தானை அழுத்தி ஒவ்வோர் ஆணையாக இயக்கிப் பார்த்தனர். இதனால் பிறருக்குக் கிடைக்க வேண்டிய கணினி நேரம் வீணாயிற்று. ஸ்டான்லி கில் 1951-இல் அரச கழகத்தின் இதழில் மாற்று வழிகளை விளக்கினார். நின்றுபோன நிரலின் நினைவகத்தை அச்சிட்டு ஆராய்வது ஒரு வழி. மற்றொன்றில், சரிபார்க்கும் நிரல் ஒன்று ஆணைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறைவேற்றி, அவற்றின் எழுத்துகளை அச்சிடும்: கூட்டலுக்கு ஏ, கழித்தலுக்கு எஸ். அச்சுவரிசை எழுதிய நிரலிலிருந்து விலகும் இடத்தின் அருகே பிழையைத் தேடலாம். ஆனால் இவ்வாறு இயக்கும்போது நிரலின் வேகம் பெரிதும் குறைந்தது.

பிற்கால வளர்ச்சி

பின்னர் ஒவ்வோர் அழைப்பின் திரும்பும் முகவரியையும் தனித்தனியே அடுக்கில் சேமிக்கும் முறை பரவியது. இதனால் நிரல் நின்ற நொடியில், இன்னும் முடியாத அழைப்புகளின் தொடர் முழுவதையும் படிக்க முடிந்தது. பைத்தான் மொழி பிழையின்போது இத்தொடரை அச்சிடுகிறது. பெர்ல் மொழியின் 'காலர்' கட்டளை அழைத்தவரைக் கூறுகிறது. பாஷ் உரைநிரலில் 'செட் -எக்ஸ்' என எழுதினால் ஒவ்வொரு கட்டளையும் இயங்குமுன் அச்சாகிறது. நின்றபின் ஆராய்தல், இயங்கும்போது பதிதல் என்ற கில்லின் இரு வழிகளும் இவற்றில் தொடர்கின்றன.