டி.எம்.சி. நூலும் புள்ளி குத்திய காகிதமும்

புதுச்சேரியில் பூத்தையல் பழகிய வீடுகளில் டி.எம்.சி. என்ற மூன்றெழுத்தை அறியாதவர் இருக்கமாட்டார்கள். எட்டு மீட்டர் நூல், அதில் ஆறு பிரி, சுற்றியிருக்கும் காகிதப் பட்டையில் ஓர் எண். என் அக்கா மாசேர்களிடம் தையல் கற்றவள். (குளூனி சபைக் கன்னியர் 1827இல் இங்கே வந்தவர்கள், ரொமென் ரொலான் வீதியில் அவர்களுடைய பூத்தையல் கூடத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.) அக்காவுக்கு நிறத்தின் பெயர் தேவையில்லை. 310 என்றால் கறுப்பு, 321 என்றால் சிவப்பு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அந்த எழுத்துகளின் விரிவு மட்டும் தெரியும்: தோல்ஃபுஸ்-மீக் கம்பெனி. அதன் கதையில் நம் ஊர்ப் பக்கத்துக்கும் பங்குண்டு என்பது ஓய்வுபெற்றபின் படித்துத் தெரிந்துகொண்டது.

சோழமண்டலக் கரையிலிருந்து போன சாயம் தீட்டிய பருத்தித் துணிகளுக்குப் பிரான்சில் ஒரே மோகம். அங்கிருந்த பட்டு, கம்பளி நெசவாளர்கள் கூக்குரலிட, பதினான்காம் லூயி அரசு 1686இல் அத்துணிகளை இறக்கவும் கூடாது, பார்த்து அச்சடிக்கவும் கூடாது என்று தடை போட்டது. 1759 வரை அந்தத் தடை நீடித்தது. மோகம் தீர்ந்ததா என்றால் இல்லை. அரசாங்க உத்தரவுகளின் கதி எழுத்தராக இருந்த எனக்குத் தெரியாதா!

இன்று பிரான்சில் உள்ள முலூஸ் நகரம் அப்போது பிரான்சில் இல்லை. சுவிஸ்காரர்களோடு கூட்டு வைத்திருந்த தனி நகரம். தடை அங்கே செல்லாது. 1746இல் தோல்ஃபுஸ், ஷ்மால்ட்சர், கெக்லின் என்ற மூவர் அங்கே துணி அச்சடிக்கும் பட்டறை தொடங்கினார்கள். அவர்கள் செய்த சரக்கின் பெயரே ‘அந்தியேன்’, அதாவது இந்தியத் துணி. 1798இல் முலூஸ் பிரான்சோடு சேர்ந்தது. 1800இல் தோல்ஃபுஸ் வீட்டுப் பிள்ளை மீக் வீட்டுப் பெண்ணைக் கட்டியதில் இன்றைய பெயர் வந்தது. பூத்தையல் நூலுக்கு அவர்கள் திரும்பியது அதற்குப் பிந்திய தலைமுறைகளில்.

இந்தத் தொழிலின் நுணுக்கத்தைத் தெரிந்துகொள்ள ஐரோப்பியர்கள் இங்கேயே வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். 1734 வாக்கில் போலியே என்ற கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு துணிக்குச் சாயமேற்றுவதை முழுவதும் கவனித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டார். 1742இல் கேர்து என்ற சேசு சபைப் பாதிரியார் இதையே நீண்ட கடிதமாக எழுதினார். அந்த விவரங்களில் என்னைப் பிடித்து நிறுத்தியது சாயவேரோ படிகாரமோ அல்ல. நம் ஓவியர்கள் துணியில் நேரடியாக வரையவில்லை. காகிதத்தில் வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகப் புள்ளி குத்தி, துணிமேல் வைத்துக் கரித்தூளைத் தட்டினார்கள். அப்படி விழுந்த புள்ளிகளின் மேல்தான் கோடு இழுத்தார்கள்.

அக்கா செய்ததும் இதேதான். பட்டர் பேப்பரில் ஊசியால் ஓட்டை போட்டு, நீலப்பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துத் துணிப்பந்தால் தேய்ப்பாள். வீடு முழுக்க மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். இப்போது அந்த வேலையை ஆலையே செய்துவிடுகிறது. துணியில் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள், எந்தக் குறிக்கு எந்த நூல் என்று ஓர் அட்டவணை, நூல், ஊசி எல்லாம் ஒரே உறையில். கட்டம் எண்ணித் தைக்கிற கெட்டிக்காரர்கள் இதைக் குழந்தைகள் வேலை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கரித்தூள் தட்டிக்கொண்ட நம் ஓவியர்களை யாரும் குழந்தைகள் என்று சொல்லவில்லையே!

அக்கா கடைசியாக எடுத்தது அப்படி அச்சுக்குறி போட்ட ஒரு மேசைவிரிப்பு. மூன்றில் இரண்டு பங்கு முடித்திருந்தாள். அவள் போன பிறகு அவள் மகள் அதை என்னிடம் கொடுத்து, “யாரிடமாவது கொடுத்து முடிக்கச் சொல்லுங்கள் மாமா” என்றாள். நானே ஊசியை எடுத்தேன். குறுக்குத் தையலில் மேலே விழும் இழை எல்லாக் கட்டத்திலும் ஒரே பக்கம் சாய வேண்டும்; இல்லாவிட்டால் வெளிச்சத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். அக்காவின் சாய்வு எது என்று பூக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, அதையே பிடித்துக்கொண்டேன். பதினொரு மாதம் ஆயிற்று.

முடித்ததும் இஸ்திரி போட்டுவிடக் கூடாது. சூடு பட்டால் அச்சு மை துணியிலேயே தங்கிவிடும். முதலில் அலச வேண்டும். எங்கள் உறையில் போட்டிருந்தபடி பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தேன். நீலக் குறிகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. காய்ந்தபின் மகள் வந்து விரித்துப் பார்த்தாள். “அம்மா எதுவரைக்கும் போட்டாங்க மாமா?” என்று கேட்டாள்.

முன்பக்கம் பார்த்து எனக்கே சொல்லத் தெரியவில்லை. துணியைப் புரட்டிக் காட்டினேன். அக்கா ஒரு வரிசை முழுக்கப் பாதித் தையல் போட்டுக்கொண்டே போய், திரும்பி வரும்போது மீதியைப் போடுவாள். பின்பக்கம் நெட்டுக் கோடுகளாக நிற்கும். நான் ஒவ்வொரு கட்டத்தையும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனேன். என் பங்கில் நெட்டுக்கோட்டோடு படுக்கைக்கோடும் ஓடுகிறது. மூன்றாவது ரோஜாவின் இடது இதழில் அது மாறுகிறது. அவள் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.