ஹெட்செட்டுக்குள் ஒரு சவுண்ட் கார்டு

2020 மார்ச் மாதம். ஊரடங்கு வந்ததும், பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள சிறுசேரி ஐ.டி. பூங்காவும் பரனூர் ரயில் நிலையத்தை ஒட்டிய மஹிந்திரா வேர்ல்டு சிட்டியும் வெறிச்சோடின. செங்கல்பட்டு தனி மாவட்டமாகி (2019 நவம்பர் 29) நான்கு மாதம்கூட முடியவில்லை! கால் சென்டர் வேலையை வீட்டிலிருந்து செய்ய இருந்த கட்டுப்பாடுகளைத் தொலைத்தொடர்புத் துறை அந்த மாதமே தளர்த்தியது. வேலை வீட்டுக்கு வந்தது. கூடவே யூ.எஸ்.பி. ஹெட்செட்டும் வந்தது.

சாதாரண 3.5 மி.மீ. பின் உள்ள ஹெட்செட் இருக்க இது எதற்கு? காரணம் இருக்கிறது. பின் வைத்த ஹெட்செட்டில் வெறும் ஸ்பீக்கரும் மைக்கும்தான். குரலை எண்களாக மாற்றும் வேலையைக் கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டு செய்கிறது. அது மட்டமாக இருந்தால் இரைச்சல்தான் மிஞ்சும். யூ.எஸ்.பி. ஹெட்செட் தன் சவுண்ட் கார்டைத் தானே சுமந்து வருகிறது. அந்தச் சின்னஞ்சிறு சிப்தான் 'கோடெக்'. கோடர், டிகோடர் என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. மைக்கில் வரும் அலையை எண்ணாக்கும். கம்ப்யூட்டர் தரும் எண்ணை மீண்டும் அலையாக்கும்.

தொடக்கம்

யூ.எஸ்.பி.யின் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வெளியானது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவர் வதோதராவில் வளர்ந்த அஜய் பட். ஆனால் ஹெட்செட்டுக்கு வழி திறந்தது 1998ல்தான். அந்த ஆண்டு ஒலிக் கருவிகளுக்கென்று ஒரு பொது விதி வகுக்கப்பட்டது. அந்த விதிப்படி நடக்கும் எந்தக் கருவியையும் டிரைவர் சி.டி. இல்லாமலே கம்ப்யூட்டர் அடையாளம் கண்டுகொள்ளும். செருகினால் போதும், பேசலாம்!

கடிகாரச் சிக்கல்

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. கம்ப்யூட்டர் ஒலியை ஒவ்வொரு மில்லி செகண்டுக்கும் ஒரு பொட்டலமாக அனுப்புகிறது. செகண்டுக்கு 48,000 மாதிரிகள் என்றால் பொட்டலத்துக்கு 48. ஆனால் கம்ப்யூட்டரின் கடிகாரமும் ஹெட்செட்டின் கடிகாரமும் துல்லியமாக ஒத்துப் போகாது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே நிமிடத்துக்கு 144 மாதிரிகள் கூடும் அல்லது குறையும். காதில் 'டிக் டிக்' என்று கேட்கும்.

அமெரிக்காவின் பர்-பிரவுன் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. பொட்டலங்கள் வரும் தாளத்தைப் பின்பற்றியே சிப் தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும். 2000ல் அந்த நிறுவனத்தை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கியது. பி.சி.எம்.2900, 2902 சிப்கள் அந்த வழியில் வந்தவை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

2900 நல்ல சிப். ஆனால் ஹெட்செட்டுக்கென்றே பிறந்ததல்ல. மைக்குக்கும் காதுக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர் சேர்க்க வேண்டும். பின்னர் வந்த பி.சி.எம்.2912 அந்தக் குறையைத் தீர்த்தது. ஒரு மைக், இரண்டு காது, அதற்கான ஆம்ப்ளிஃபயர்கள் எல்லாம் உள்ளேயே. பேசுபவரின் குரலைக் கொஞ்சம் அவர் காதுக்கே திருப்பித் தரும் 'சைட்டோன்' வசதியும் உண்டு. அது இல்லாவிட்டால் காதை மூடிக்கொண்டு பேசுபவர் தன்னை அறியாமல் கத்துவார். எட்டு மணி நேரம் பேசும் ஊழியருக்கு இது எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

தைவானின் சி-மீடியா நிறுவனம் கொண்டுவந்த சி.எம்.108 சிப்பும் இதே வேலையைச் செய்தது. வால்யூம், மியூட் பட்டன்களுக்கு அதிலேயே கால்கள் உண்டு. மீதமிருக்கும் கால்களை ரேடியோவை இயக்க அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பயன்படுத்திக்கொண்டது தனிக் கதை!

விளம்பரத்தில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெரிய எண்கள் மயக்கும. ஆனால் பழைய தொலைபேசிக் குரலுக்கு 8 கிலோஹெர்ட்ஸ் போதும். தெளிவான இணையப் பேச்சுக்கு 16. ஆகவே 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் சிப்பே தாராளம். பார்க்க வேண்டியவை வேறு: மைக்கின் இரைச்சல், சைட்டோன், மியூட் பட்டன், பிறகு... சரக்கு கிடைக்குமா என்பது!

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபியோகாவில், ஆடியோ சிப்களுக்குப் பேர்போன ஏ.கே.எம். நிறுவனத்தின் தொழிற்சாலை தீப்பிடித்தது. அந்த ஒரே சிப்பை நம்பி டிசைன் செய்த ஆடியோ நிறுவனங்கள் உலகெங்கும் தவித்தன. பலர் போர்டையே மாற்றி வரைய வேண்டியிருந்தது. மாற்று சிப் ஒன்றை முதலிலேயே யோசித்து வைப்பதும் தேர்வின் ஒரு பகுதிதான்.

நம் மாவட்டத்துக்கு என்ன?

எலக்ட்ரானிக்ஸ் இங்கே புதிதல்ல. தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலம் 1984லேயே வந்துவிட்டது. 2022 செப்டம்பரில் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் பெகாட்ரான் ஐபோன் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அதன் 60 சதவீதப் பங்கு டாடா எலக்ட்ரானிக்ஸ் கைக்கு வந்தது. ஐபோனில் 3.5 மி.மீ. துளை 2016லேயே போய்விட்டது. 2023ல் டைப்-சி வந்தது. ஆகவே இன்று அந்தத் துளையில் செருகும் ஒயர் இயர்போனுக்குள்ளும் ஒரு கோடெக் சிப் இருக்கிறது.

அந்த சிப் எது என்று தீர்மானிப்பது பொருத்தும் கைகள் அல்ல. உதிரிபாகப் பட்டியலை எழுதும் பேனா. லாபத்தின் பெரும்பங்கும் அந்தப் பேனாவின் பக்கம்தான் போகிறது. பொருத்தும் கைகள் பரனூருக்கு வந்துவிட்டன. பேனா எப்போது வரும்?