குடிமகன், சுதந்திரம், ஒரு சவரக்கத்தி

குடிமகன் என்றால் இன்று நாட்டின் பிரஜை. சுதந்திரம் என்றால் விடுதலை. ஆனால் தென் தமிழகத்துக் கிராமங்களில் வயதான பெரியவர்களிடம் கேட்டால் இந்த இரண்டு சொற்களுக்கும் வேறு பொருள் சொல்வார்கள். குடிமகன் என்றால் ஊருக்குச் சவரம் செய்பவர். சுதந்திரம் என்றால் அவரைப் போன்ற ஊர்த் தொழிலாளிகளுக்கு அறுவடைக் களத்தில் அளந்து கொடுத்த நெல்.

காலையில் கண்ணாடி முன்னால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிற காரியம் சவரம். அதற்குப் போய் ஒரு வரலாறா என்று தோன்றலாம். ஆனால் பிரஷ்ஷும் சோப்பும் இரட்டை முனை பிளேடும் வைத்து நிதானமாகச் சவரம் செய்யும் பழைய முறையை இன்று உலகம் முழுக்கப் பலர் மறுபடி ரசித்துச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த ரசனைக்குப் பின்னால் நாஞ்சில் நாடு போன்ற ஒரு நிலத்தில் என்னென்ன இருந்தது என்று பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

அடைப்பமும் களத்து நெல்லும்

தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சேர்ந்ததுதான் பழைய நாஞ்சில் நாடு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த பூமி. ஊர்த் தொழிலாளிகளுக்குக் கூலி பணமாக அல்ல, நெல்லாகத்தான் கிடைத்தது. வருடம் முழுக்க வீடு வீடாகப் போய் வேலை செய்துவிட்டு, அறுவடை நாளில் களத்தில் போய் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

நாவிதரின் தொழில் கருவிகள் இருக்கும் பைக்கு அடைப்பம் என்று பெயர். மடக்குக் கத்தி, அதைத் தீட்டும் கல், தோல்வார், கத்தரி, தண்ணீர்க் கிண்ணம், படிகாரம் எல்லாம் அதற்குள் இருக்கும். அவருடைய வேலை சவரத்தோடு முடியவில்லை. கட்டி கீறுவது, புண்ணுக்கு மருந்து போடுவது, கல்யாணத்துக்கும் சாவுக்கும் சடங்கு செய்வது எல்லாமே அவர் பொறுப்பு. அவர் மனைவி பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. பண்டிதர், மருத்துவர் என்ற பெயர்கள் இந்தச் சமூகத்துக்கு வந்தது இதனால்தான். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில், திருவிதாங்கூரில் இவர்களுக்குப் 'பிராணோபகாரி' என்ற பெயர் இருந்ததைக் குறிப்பிடுகிறார். உயிருக்கு உதவி செய்பவர் என்று அர்த்தம். தமிழக அரசின் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும் இந்தப் பெயர் இருக்கிறது.

தொழில் மிகப் பழையது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் காலக் கல்வெட்டில் கோயில் பணியாளர்களின் நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. ஆடல் மகளிர், தச்சர், தையற்காரர், சலவை செய்பவர் ஆகியோருடன் நாவிதருக்கும் அதில் பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன்பே இது ஒரு பதிவு செய்யப்பட்ட வேலை!

முடியில் இருந்த சாதி

உயிருக்கு உதவி செய்பவர் என்று பெயர் வைத்தவர்கள், அவரைச் சமமாக உட்கார வைக்கவில்லை. முகத்தைத் தொடலாம், வீட்டுக்குள் வரக்கூடாது. கழுத்தில் கத்தி வைக்கும் அளவுக்கு நம்பிக்கை, ஆனால் வேலை முடிந்ததும் குளித்துவிட்டுத்தான் மற்ற காரியம். இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. அவரும் எல்லோருக்கும் சவரம் செய்துவிட முடியாது. தாழ்த்தப்பட்டவர்களின் தலையைத் தொட்டால் மேல்சாதி வீடுகள் அவரைக் கூப்பிடாது. களத்து நெல் நின்றுவிடும். அதாவது யாருக்குச் சவரம் செய்யலாம், யாருக்குச் செய்யக்கூடாது என்பதை முடிவு செய்தது கத்தி பிடித்தவர் அல்ல, நெல் அளந்தவர்.

உடம்பில் எது தெரியலாம், எது தெரியக்கூடாது என்பதே அங்கே சாதி விவகாரமாக இருந்தது. பெண்கள் மேலுடை அணியும் உரிமைக்காக 1822-ல் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம், 1859-ல் அரசு பிரகடனம் வந்த பிறகுதான் ஓய்ந்தது. ஆண்களின் தலையிலும் இதே கதைதான். மலையாள வழக்கப்படி முன்குடுமி, தமிழ் வழக்கப்படி பின்குடுமி என்று, இரண்டு மொழிகளும் சந்திக்கும் அந்த எல்லையில் ஒருவரின் குடுமியைப் பார்த்தே அவர் யார் என்று சொல்லிவிடலாம். கிறிஸ்தவரானவர்கள் குடுமியை எடுக்க வேண்டுமா என்று 19-ஆம் நூற்றாண்டு மிஷனரிகளுக்குள் பெரிய விவாதமே நடந்தது. பக்கத்தில் இடையன்குடியில் இருந்த கால்டுவெல், குடுமி என்பது மதச் சின்னம் அல்ல, நாட்டு வழக்கம்தான் என்று அதற்காகவே தனியாக ஒரு கட்டுரை எழுதினார்.

1936 நவம்பர் 12-ல் திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. கோயில் கதவு திறந்தது. ஆனால் அந்தப் பிரகடனம் கோயிலைப் பற்றியதே தவிர, சவரக்கத்தியைப் பற்றியது அல்ல.

தமிழ் உருக்கும் லண்டன் கத்தியும்

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. தென்னிந்தியாவில் மூசையில் வைத்து உருக்கித் தயாரித்த எஃகை ஐரோப்பியர்கள் 'வூட்ஸ்' என்றார்கள். உருக்கு என்ற சொல்லோடு தொடர்புடைய பெயர் அது. கொடுமணல் போன்ற இடங்களில் இந்தத் தொழிலின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. 1790-களில் இந்த எஃகின் மாதிரிகள் லண்டனுக்குப் போயின. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கருவித் தயாரிப்பாளர், கூர்முனைக் கருவிகளுக்கு இதைவிட நல்ல எஃகு இல்லை என்று நம்பினார். மைக்கேல் ஃபாரடேயும் அவரும் சேர்ந்து எஃகுக் கலவைகள் பற்றிச் செய்த ஆராய்ச்சி 1820-ல் வெளியானது. மின்சாரத்துக்காக நினைவில் இருக்கும் ஃபாரடே, அந்தக் கலவை எஃகில் செய்த சவரக்கத்திகளை நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார் என்பது பலருக்குத் தெரியாது.

ஜில்லெட்டின் கணக்கு

மடக்குக் கத்தியில் தானே சவரம் செய்வது லேசான விஷயம் அல்ல. தீட்டத் தெரிய வேண்டும், கை நடுங்கக்கூடாது. அதனால்தான் உலகம் எங்கும் இது இன்னொருவர் கையால் நடக்கும் வேலையாக இருந்தது. அதை மாற்றியவர் அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட். தீட்டவே தேவையில்லாத, தேய்ந்தால் தூக்கிப் போட்டுவிடக்கூடிய மெல்லிய பிளேடு என்பது அவர் யோசனை. அவ்வளவு மெல்லிய தகட்டைக் கெட்டிப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்தவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். 1903-ல் விற்பனை தொடங்கியபோது அந்த வருடம் விற்றது வெறும் 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருடம் 90,884 ரேசர்! முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேசர்களும் 3 கோடியே 20 லட்சம் பிளேடுகளும் வாங்கப்பட்டன.

வணிகவியல் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரு பாடம் தெரியும். ரேசரைச் சும்மா கொடு, பிளேடில் சம்பாதி. இதைக் கண்டுபிடித்தவர் ஜில்லெட் என்று சொல்வார்கள். உண்மை அப்படி இல்லை. சிகாகோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ராண்டல் பிக்கர் 2010-ல் இதை ஆராய்ந்து எழுதினார். காப்புரிமை இருந்த காலம் முழுக்க ஜில்லெட் ரேசரின் விலை 5 டாலர். அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. 1921-ல் காப்புரிமை முடிந்து, போட்டி வந்த பிறகுதான் ரேசர் விலை இறங்கியது. தத்துவம் முதலில் வரவில்லை. போட்டிதான் தத்துவத்தைக் கொண்டுவந்தது.

இந்தியாவில் செவன் ஓ கிளாக், டோபாஸ், சூப்பர்மேக்ஸ் என்று பிளேடுகள் பெட்டிக்கடை வரை வந்து சேர்ந்தன. இங்கேதான் கதை நாஞ்சில் நாட்டுக்குத் திரும்புகிறது. பெட்டிக்கடையில் காசு கொடுத்தால் பிளேடு கிடைக்கும். வாங்குபவர் யார் வீட்டுப் பிள்ளை என்று பிளேடுக்குத் தெரியாது. நாவிதர் தொடக்கூடாது என்று தள்ளி வைக்கப்பட்டவர் தன் முகத்தைத் தானே தொட்டுக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பாஸ்டனில் லாபத்துக்காகச் செய்யப்பட்ட ஒரு பொருள், இன்னொரு மூலையில் வேறு ஒரு வேலையையும் செய்தது.

சலூன் என்ற கடை

குடிமகனுக்கும் இதில் ஒரு விடுதலை இருந்தது. வீடு வீடாகப் போனவர் ஒரு இடத்தில் உட்கார்ந்தார். சலூன் என்று பலகை மாட்டினார். நெல்லுக்குப் பதில் காசு, அதுவும் கையோடு. அவர் வாடிக்கையாளரைத் தேடிப் போன காலம் போய், வாடிக்கையாளர் அவரைத் தேடி வந்து வரிசையில் காத்திருந்தார். தமிழகத்துச் சலூன்களுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் அடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தவருக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்பது சாதாரண விஷயம் அல்ல.

காத்திருப்பவர்களுக்காகப் பேப்பர் வாங்கிப் போட்டார்கள். வாசிக்கத் தெரிந்தவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். திராவிட இயக்கம் வளர்ந்த இடங்களில் டீக்கடையோடு சலூனும் ஒன்று. "இங்கு அரசியல் பேசாதீர்கள்" என்று போர்டு மாட்ட வேண்டிய அளவுக்குப் பேச்சு நடந்தது! தூத்துக்குடியில் பொன்.மாரியப்பன் தன் சலூனில் நூலகமே வைத்திருப்பதை 2020 அக்டோபரில் பிரதமர் தன் வானொலி உரையில் பாராட்டியது அந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

சட்டமும் சலூனைக் கவனித்தது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், கடைகளுக்குள் நுழைய யாரையும் தடுக்கக்கூடாது என்ற பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, கடை என்றால் என்ன என்ற கேள்வி எழுந்தது. தன் சேவையைத் தேடி வருகிறவருக்கு அதைத் தர ஒருவர் தயாராக இருக்கும் இடமெல்லாம் கடைதான் என்ற பொருளில் அம்பேத்கர் விளக்கம் சொன்னார். அப்படிப் பார்த்தால் சலூனும் கடைதான். இன்று அது அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் இருக்கிறது. தீண்டாமையின் பேரில் சேவை மறுப்பதை 1955-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் ஆக்கியது. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது இந்த உரிமைகள் எல்லாம் எழுத்தில் வந்துவிட்டன.

கத்தியை மாற்றியது ஒரு நோய். 1986-ல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. அதற்குப் பிறகு வந்த விழிப்புணர்வுப் பிரசாரத்தில், ஒரே கத்தியைப் பலருக்குப் போடுவது பெரிய பயமானது. உண்மையில் சவரக்கத்தியால் ஹெபடைடிஸ் பி பரவத்தான் வாய்ப்பு அதிகம். எதுவானாலும் நல்லதுதான் நடந்தது. தீட்டும் கத்தி போய், ஆளுக்கு ஒரு புது பிளேடை ஒடித்துப் பாதியைப் பொருத்தும் கத்தி வந்தது.

நிதானத்தின் சுகம்

பிறகு இரண்டு பிளேடு, மூன்று பிளேடு, ஐந்து பிளேடு என்று கார்ட்ரிட்ஜ்கள் வந்தன. வேகம் வந்தது, விலையும் வந்தது. 2010-ல் ஜில்லெட் இந்தியாவுக்கென்றே 15 ரூபாய்க்கு ஒற்றை பிளேடு ரேசரைக் கொண்டுவர வேண்டியிருந்தது என்றால், பழைய இரட்டை முனை பிளேடு இங்கே எவ்வளவு வலுவாக நின்றது என்று புரிந்துகொள்ளலாம்.

அந்தப் பழைய முறையின் ரகசியம் ரொம்ப எளிது. முடி கெரட்டினால் ஆனது. வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் தண்ணீரை இழுத்து மெத்தென்று ஆகிவிடும். அறுக்க அதிக அழுத்தம் வேண்டாம். பிரஷ் நுரையை முடியின் அடி வரை கொண்டுபோய் முடியை நிமிர்த்தும். ரேசரைத் தோலிலிருந்து சுமார் 30 டிகிரி சாய்வில் வைத்து, அழுத்தாமல் அதன் எடையிலேயே இறக்க வேண்டும். முதல் முறை முடி வளரும் திசையில்தான். கடைசியில் குளிர்ந்த தண்ணீர், பிறகு ஈரப் படிகாரம். பொட்டாசியம் அலுமினியம் சல்பேட் என்ற அந்த உப்பு தோலைச் சுருக்கிச் சிறு கீறல்களில் ரத்தத்தை நிறுத்தும். நாஞ்சில் நாட்டில் அதன் மேல் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய்.

ஊறவை, அவசரப்படாதே, அழுத்தாதே, திசை பார். இன்று புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் பெருமையாகச் சொல்லும் இந்த நுணுக்கங்கள் அடைப்பம் தூக்கிய கைகளில் தலைமுறை தலைமுறையாக இருந்தவை. அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரரின் சாதிப் பெயரை இன்னும் சிலர் வசைச் சொல்லாகப் பயன்படுத்துகிறார்கள். தலித்துகளுக்கு முடிவெட்ட மறுத்த சலூன்கள் பற்றிய செய்தியும் தமிழகத்தில் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது.

குடிமகன் என்ற சொல் ஊருக்கு வேலை செய்பவரிலிருந்து நாட்டுக்கு உரிமையாளர் வரை வந்துவிட்டது. சுதந்திரம் என்ற சொல்லும் களத்து நெல்லிலிருந்து வெகு தூரம் வந்துவிட்டது. அந்த இரண்டு சொற்களின் புதிய அர்த்தம் ஒரு ஊரில் உண்மையிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், அந்த ஊர்ச் சலூன் நாற்காலியில் யாரெல்லாம் உட்கார முடிகிறது என்று பார்த்தால் போதும்.