எடை குறைப்பு ஆபரேஷன்: பண்ணலாமா, வேண்டாமா? ஸ்லீவா, பைபாஸா? எதை வைத்து முடிவு செய்வது?

'120 கிலோ இருக்கேன். ஆபரேஷன் பண்ணிக்கிட்டா 65 கிலோவுக்கு வந்துடுவேனா?' பேரியாட்ரிக் சர்ஜரி எனப்படும் எடை குறைப்பு அறுவை சிகிச்சை என்றதும் பலருக்கும் முதலில் எழும் கேள்வி இதுதான். அடுத்த கேள்வி, எவ்வளவு செலவாகும்? எந்த வகை ஆபரேஷன் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. ஆனால் வாழ்நாள் முழுக்கக் கூடவே வரப்போவது அந்தக் கடைசிக் கேள்விக்கான பதில்தான்.

எவ்வளவு எடை குறையும்?

பின்லாந்தில் 240 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஸ்லீவ், இன்னொரு குழுவுக்கு பைபாஸ் செய்து, 10 ஆண்டுகள் கழித்து எடை பார்த்தார்கள். 2022-ல் வெளியான அந்த முடிவின்படி, ஸ்லீவ் செய்தவர்களுக்குக் 'கூடுதல் எடை'யில் சராசரியாக 43.5 சதவீதமும், பைபாஸ் செய்தவர்களுக்கு 50.7 சதவீதமும் குறைந்திருந்தது.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். இது மொத்த எடையில் பாதி அல்ல. 165 செ.மீ. உயரம் உள்ள ஒருவருக்கு 68 கிலோ வரை இருக்கலாம் என்று கணக்கு. அவர் 120 கிலோ இருந்தால் கூடுதல் எடை 52 கிலோ. அதில் 43.5 சதவீதம் என்றால் சுமார் 23 கிலோ, 50.7 சதவீதம் என்றால் சுமார் 26 கிலோ. அதாவது 10 வருஷம் கழித்து அவர் 94 முதல் 97 கிலோவில் இருப்பார். முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் இதைவிட நிறையவே குறையும், பிறகு கொஞ்சம் திரும்ப ஏறும். 'முன், பின்' போட்டோக்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்த முதல் இரண்டு வருஷத்தைத்தான்.

இதுக்கா வயிற்றை வெட்டணும் என்று தோன்றலாம். ஆனால் பலன் எடை மெஷினில் மட்டும் தெரிவதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் குறைவது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஏப்னியா சரியாவது, மூட்டு வலி தணிவது எல்லாம் இதில் சேரும். ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிப் பல ஆண்டுகள் நடந்த ஆய்வில், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. அழகுக்காக என்றால் இந்த ஆபரேஷன் வேண்டாம், நோய்க்காக என்றால் யோசிக்கலாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

யாருக்குச் செய்யலாம்? இன்சூரன்ஸ் கிடைக்குமா?

எடையை (கிலோவில்) உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. 1991-ல் அமெரிக்காவில் வகுத்த விதிப்படி பி.எம்.ஐ. 40, அல்லது நோய்களுடன் 35 இருந்தால்தான் அறுவை சிகிச்சை. 2022-ல் சர்வதேச மருத்துவ அமைப்புகள் இதை மாற்றின. 35 தாண்டினால் வேறு நோய் இல்லாவிட்டாலும் செய்யலாம், சர்க்கரை நோய் போன்றவை இருந்தால் 30 முதலே யோசிக்கலாம் என்றன. ஆசியர்களுக்கு இன்னும் கீழே, 27.5 முதலே பரிசீலிக்கலாம். நம் ஆட்களுக்குக் குறைந்த எடையிலேயே தொப்பையும் சர்க்கரையும் சேர்ந்து வந்துவிடுவதே காரணம்.

மருத்துவம் மாறிவிட்டது. இன்சூரன்ஸ் மாறவில்லை. நம் நாட்டு ஹெல்த் பாலிசிகளில் பொதுவாக இருக்கும் நிபந்தனை: வயது 18 ஆகியிருக்க வேண்டும், மருத்துவர் பரிந்துரைத்திருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும். 35 முதல் 40-க்குள் என்றால், மற்ற வழிகளில் எடை குறையாமல் போயிருக்க வேண்டும். கூடவே இதய நோய், கடுமையான ஸ்லீப் ஏப்னியா, கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை போன்றவற்றில் ஒன்று இருக்க வேண்டும்.

உதாரணமாக, 165 செ.மீ. உயரம், 102 கிலோ எடை உள்ள ஒரு பெண்ணின் பி.எம்.ஐ. சுமார் 37.5. மூட்டு வலியும் பிசிஓடியும் மட்டுமே இருக்கிறது என்றால், டாக்டர் 'செய்யலாம்' என்பார், இன்சூரன்ஸ் கம்பெனி 'முடியாது' என்று சொல்ல வாய்ப்பு அதிகம். குறட்டை பலமாக இருந்தால் தூக்கப் பரிசோதனை எடுத்துப் பார்ப்பது நல்லது. மயக்க மருந்து கொடுப்பவருக்கும் அந்த ரிப்போர்ட் தேவைப்படும். பாலிசியில் காத்திருப்புக் காலம் முடிந்ததா என்பதையும், அட்மிட் ஆகும் முன் எழுத்துப்பூர்வ ஒப்புதலையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் இந்த அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. கடன் வாங்கும் முன் அங்கே ஒரு தடவை விசாரித்துவிடலாம்.

என்னென்ன வகை?

ஸ்லீவ்: இரைப்பையில் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் சைஸில் ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் பகுதியும் சேர்ந்து போய்விடுவதால் பசி குறையும். குடலில் கை வைப்பதில்லை. ஆனால் வெட்டியது வெட்டியதுதான், திரும்ப ஒட்ட முடியாது.

பைபாஸ்: இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையை உருவாக்கி, சிறுகுடலை அதோடு இணைப்பார்கள். டீக்கடை கிளாஸில் பாதிகூட வராத அளவு அது. மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், சாப்பாடு அந்தப் பக்கம் போகாது. ஸ்வீட் சாப்பிட்டால் சிலருக்குப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரும்.

மினி பைபாஸில் இரண்டு இணைப்புக்குப் பதில் ஒன்றுதான். இந்தியாவில் இது பரவலாகவே நடக்கிறது. நேரம் குறைவு, ஆனால் பித்தநீர் மேலேறும் வாய்ப்பும், சத்துக்குறைபாடும் கவனிக்க வேண்டியவை. பெயரில் 'மினி' இருப்பதால் சின்ன ஆபரேஷன் என்று நினைத்துவிடக் கூடாது. இரைப்பையைச் சுற்றி பேண்ட் கட்டும் முறை கிட்டத்தட்ட வழக்கொழிந்துவிட்டது. பலூன் என்பது ஆபரேஷனே அல்ல. பொதுவாக 6 மாதத்தில் எடுத்துவிடுவார்கள், எடை திரும்ப ஏறும் வாய்ப்பு அதிகம்.

ஸ்லீவா, பைபாஸா?

பக்கத்து வீட்டுக்காரர் எதைச் செய்துகொண்டார் என்பதோ, பேக்கேஜ் விலையோ இதை முடிவு செய்யக் கூடாது. முக்கியமான ஒன்று நெஞ்செரிச்சல். சாப்பிட்டது எதுக்களித்து வரும் தொல்லை ஏற்கெனவே இருப்பவருக்கு ஸ்லீவ் செய்தால் அது அதிகமாகலாம். அதே பின்லாந்து ஆய்வில், 10 ஆண்டுக்குப் பின் எண்டோஸ்கோபி பார்த்தபோது உணவுக்குழாய் புண் ஸ்லீவ் குழுவில் 31 சதவீதம் பேருக்கும், பைபாஸ் குழுவில் 7 சதவீதம் பேருக்கும் இருந்தது. எனவே எண்டோஸ்கோபி பார்க்காமலேயே 'ஸ்லீவ் போட்டுடலாம்' என்று ஒரு மருத்துவமனை சொன்னால், அங்கிருந்து கிளம்பிவிடுவது நல்லது.

சர்க்கரை நோய்க்கு பைபாஸுக்குச் சற்றுக் கூடுதல் ஆதரவு உண்டு. ஆனால் எந்த வகை என்பதைவிட, சர்க்கரை வந்து எத்தனை வருஷம் ஆகிறது என்பதே பெரிய விஷயம். பல ஆண்டுகளாக இன்சுலின் போடுபவருக்கு அது முழுசாக நின்றுவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

மூட்டு வலிக்குத் தினமும் வலி மாத்திரை போடுபவர்கள், புகைபிடிப்பவர்கள் பைபாஸ் செய்தால் இணைப்பு இடத்தில் புண் வரும் ஆபத்து உண்டு. வலிப்பு, மனநலச் சிகிச்சை போன்றவற்றுக்கு நீண்டகாலமாக மாத்திரை எடுப்பவர்களுக்கு, பைபாஸுக்குப் பின் மருந்து உடலில் சேரும் அளவு மாறலாம். இதையெல்லாம் சர்ஜன் கேட்காவிட்டால் நாமே சொல்லிவிட வேண்டும்.

பெண்கள் 12 முதல் 18 மாதங்கள் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு சட்டென்று கூடும். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஊசி போட்டால் போதாதா?

டிர்செபடைடும், எடை குறைப்புக்கான செமாக்ளுடைடு ஊசியும் 2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்தன. பி.எம்.ஐ. 30-ஐ ஒட்டி இருப்பவர்கள் முதலில் இதைப் பற்றி மருத்துவரிடம் பேசுவதே சரி. நிறுத்தினால் எடை திரும்பும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். 40-ஐத் தாண்டியவர்களுக்கு இன்னமும் அறுவை சிகிச்சையில்தான் அதிக எடை குறைகிறது.

மருத்துவமனையில் என்ன கேட்க வேண்டும்?

நல்ல மையங்களில் இந்த ஆபரேஷனில் உயிரிழப்பு 1000-ல் ஒருவர் என்ற அளவில்தான். அந்த 'நல்ல மையம்' என்பதுதான் விஷயம். 2024 ஏப்ரலில் சென்னை புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்காகச் சேர்ந்த புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். சுகாதாரத் துறை விசாரித்து, அந்த மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது.

இந்த சர்ஜன் வருஷத்துக்கு எத்தனை செய்கிறார்? ஐசியு இதே கட்டடத்தில் இருக்கிறதா? ராத்திரி 2 மணிக்கு ரத்தக்கசிவு என்றால் யார் வருவார்கள்? டயட்டீஷியன் எத்தனை வருஷம் தொடர்ந்து பார்ப்பார்? இவற்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். விலையைக் குறைத்துச் சொல்லி இந்த வாரமே அட்மிட் ஆகச் சொன்னால் இன்னும் நிறையவே கேட்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் இரண்டு வாரம் திரவ உணவு, பிறகு மசித்தது, பிறகுதான் கெட்டியான சாப்பாடு. தினமும் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான், எனவே இட்லி, ரசம் சாதத்தை மட்டும் வைத்து ஓட்ட முடியாது. சைவம் சாப்பிடுபவர்கள் இதை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேர இடைவெளி வேண்டும். 3 முதல் 6 மாதத்தில் முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும் ஆயுசு முழுக்க. பைபாஸ் செய்தவர்களுக்கு இதில் சலுகையே கிடையாது. மது முன்பைவிட வேகமாக ஏறும்.

நாள்கணக்கில் வாந்தி நிற்காமல், கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது என்றிருந்தால் வைட்டமின் பி1 குறைந்திருக்கலாம், அது மூளையைப் பாதிக்கும். குளுக்கோஸ் ஏற்றும் முன் பி1 ஊசி தேவை என்பதால், வேறு மருத்துவமனைக்குப் போனால் இந்த ஆபரேஷன் செய்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்களில் இதயம் படபடவென்று அடிப்பது, காய்ச்சல், வயிற்றிலோ தோள்பட்டையிலோ வலி, மூச்சு வாங்குவது, ஒரு காலில் மட்டும் வீக்கம் போன்றவை தையல் கசிவு அல்லது ரத்தக்கட்டியின் அறிகுறியாக இருக்கலாம். 'கேஸ் பிராப்ளமா இருக்கும்' என்று மாத்திரை போட்டுக்கொண்டு காலை வரை காத்திருக்காமல், அன்று ராத்திரியே ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.