45-க்கு மேல்

பண்டைக்கால மனிதர் நாற்பதைத் தாண்டுவதே அரிது என்று சரித்திர நூல்களில் வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் எழுகிறது. அந்த வயதை எதைக்கொண்டு அளந்தார்கள்?

பல சமயம் பல்லைக்கொண்டுதான். முதல் கடைவாய்ப்பல் 6 வயதையொட்டி முளைக்கிறது, இரண்டாவது 12-ஐயொட்டி. ஆகவே முதலாவது சுமார் 6 வருஷம் கூடுதலாக அரைத்திருக்கிறது. இந்தத் தேய்மான வித்தியாசத்தையே அளவுகோலாக்கி, இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்ஸன் எலும்புக்கூடுகளுக்கு வயது கணித்தார் மைல்ஸ். நல்ல தர்க்கம். ஆனால் பல் வருஷங்களை எண்ணுவதில்லை. உணவின் முரட்டுத்தனத்தை, மாவில் கலந்த திரிகைக்கல்லின் தூளை எண்ணுகிறது.

1963-ல் பிராத்வெல் வெளியிட்ட தேய்மான அட்டவணையின் கட்டங்கள்: 17-25, 25-35, 35-45, 45-க்கு மேல். எனாமல் தேய்ந்து தீர்ந்தபின், பல்லே உதிர்ந்தபின், கணக்கு நின்றுவிடுகிறது. 46-ல் செத்தவளும் 80-ல் செத்தவளும் ஒரே கட்டத்தில் கிடக்கிறார்கள்.

எலும்பும் பெரிதாக உதவவில்லை. லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் தேவாலய நிலவறையில் 1984-86-ல் வெளியே எடுத்த சவப்பெட்டிகளில் முந்நூற்றுக்கும் மேற்பட்டவற்றில் பெயரும் வயதும் பொறித்த தகடுகள் இருந்தன. எலும்பை வைத்துக் கணித்த வயதைத் தகடுகளோடு ஒப்பிட்டார்கள். இளையவர்களுக்கு வயதைக் கூட்டியும் முதியவர்களுக்குக் குறைத்தும் கணித்திருந்தது தெரியவந்தது.

தகடில்லாத குழிகளில் இந்தத் திருத்தத்துக்கு வழியில்லை. அங்கே கிழவர்களே இல்லை என்று சொல்வது அட்டவணையின் எல்லையை வாழ்வின் எல்லையாக்குவது. ‘45-க்கு மேல்’ என்பதை நான் ‘வயது தெரியாது’ என்றே வாசிக்கிறேன்.