கில் இரவல் வாங்கிய காமிரா

வானத்தைப் படம்பிடிக்க விழையும் நண்பர்கள் நம்மிடம் முதலில் கேட்பது, எந்தக் காமிரா, எந்த உணரி என்பதைத்தான். இதே கேள்வியை 1882-இல் நன்னம்பிக்கை முனை அரச வானாய்வகத்தின் தலைவர் டேவிட் கில் எதிர்கொண்ட விதத்தை இங்கே நினைவுகூர விரும்புகிறோம்.

அவ்வாண்டு செப்டம்பரில் தோன்றிய பெரும் வால்மீன் பட்டப்பகலிலும் தெரிந்தது. கேப் டவுன் வட்டாரத்துப் புகைப்படக்காரர்கள் சிலர் அதைப் படமெடுத்தும்விட்டனர். ஆனால் புவி சுழல்வதால், அசையாது நிற்கும் காமிராவில் விண்மீன்கள் கோடுகளாக இழுபடும். கில்லிடம் வானின் நகர்வைத் தொடரும் கடிகாரப்பொறி பூட்டிய தொலைநோக்கி இருந்தது. புகைப்படக் கருவி இல்லை. மோப்ரேயில் இருந்த ஆலிஸ் என்னும் புகைப்படக்காரரை நாடினார். ஆட்களைப் படமெடுக்கும் சாதாரணக் காமிரா ஒன்று தொலைநோக்கியின் முதுகில் ஏறியது. அதன் வில்லைக்கு 2.5 அங்குல விட்டம், 11 அங்குலக் குவியத்தூரம். அவ்வளவுதான்!

வில்லையைவிடத் தட்டே பெரிது என்பது நம் கருத்து. இன்றைய உணரியின் இடத்தில் அன்று இருந்தது அதுதான். முந்தைய தலைமுறை கையாண்ட கொலோடியன் தட்டை ஈரம் காய்வதற்குள் ஒளிகாட்டிக் கழுவிவிட வேண்டும். சில நிமிடங்களே தவணை. மங்கிய ஒளி அதற்குள் எங்கே சேரும்? 1871-இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் முன்வைத்த ஜெலட்டின் உலர்தட்டு இத்தளையை அறுத்தது. அமெரிக்காவில் ஹென்றி டிரேப்பர் 1880-இல் ஓரியன் நெபுலாவை 51 நிமிடம் ஒளிகாட்டிப் பதிந்திருந்தார். கில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் சென்றார்.

(ஒரு சிறு கணக்கு: இன்று பரவலாகக் கிடைக்கும் 3.76 மைக்ரான் படப்புள்ளி கொண்ட உணரியை அதே 11 அங்குலக் குவியத்தில் வைத்தால், ஒரு புள்ளி வானில் ஏறத்தாழ 2.8 விகலையை அளக்கும். அந்தப் பழைய வில்லை அத்தனை கூர்மைக்கு ஈடுகொடுத்திருக்குமா என்பது வேறு பேச்சு.)

வால்மீனைத் தேடிப்போனவருக்குக் கிட்டியவை விண்மீன்கள். அதன் வாலினூடாகவும் அவை தட்டில் பதிந்திருந்தன. வடவானுக்குப் பான் நகரத்து ஆர்கெலாண்டர் கண்ணால் பார்த்துப் பார்த்து ஓர் அட்டவணை தொகுத்திருந்தார். தென்வானுக்குத் தட்டுகளைக் கொண்டே ஒன்று செய்துவிடலாம் என்று கில் துணிந்தார். 1885-இல் பணி தொடங்கிற்று. ராயல் சொசைட்டியின் நிதியுதவி இடையில் நின்றது. கில் தம் கைப்பணத்தைப் போட்டு வேலையைத் தொடர்ந்தார். இதைப் படிக்கையில் நமக்குச் சற்றுக் கோபமே வருகிறது.

தட்டுகளை அளந்து தரத் தாமாகவே முன்வந்தவர் ஹாலந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் காப்டைன். அவருக்கென ஒரு வானாய்வகம் கிடையாது. தட்டை எதிரே நிறுத்தி, வில்லையின் குவியத்தூரத்துக்குச் சமமான தொலைவில் கோணமளக்கும் கருவியை வைத்து, வானத்தையே நோக்குபவர்போல் ஒவ்வொரு மீனின் இடத்தையும் படித்தெடுத்தார். 1896 முதல் 1900 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த அந்த அட்டவணையில் உள்ள விண்மீன்கள் 4,54,875.